ஜரினாவின் குரலுக்குச் சாவி யாரிடம்?

போன வாரம் காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். அங்கே மொத்த விலை பனியன் கடை வைத்திருக்கும் நண்பர் சலீம் பாய், வழக்கமாகச் சொல்லும் டீயைக்கூடச் சொல்லவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க... தொறக்கவே மாட்டேங்குது."

திரையில் ஒரு தையல் பாடம். கீழே ஆசிரியர் பெயர்: ஜரினா. பாயின் மனைவி. போன வருடம் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனிக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஜரினா, துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் சொல்லிக்கொடுத்தவர். ஓர் ஆன்லைன் கம்பெனி அந்த வகுப்பைப் படம்பிடித்து விற்றது. பாயும் காசு கட்டி வாங்கி டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டார் — தைக்கப் பழக அல்ல, மனைவி பேசுவதைக் கேட்க! இப்போது அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். வீடியோ லேப்டாப்பில்தான் இருக்கிறது. ஆனால், ஓடுவதற்கு முன்னால் பிரவுசர் அந்தக் கம்பெனியிடம் அனுமதி கேட்கிறது. இல்லாத கம்பெனி எப்படி அனுமதி கொடுக்கும்?

"வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் ஏதாவது...?" என்று இழுத்தேன்.

"வகுப்பு முடிஞ்சா அவ நேரா கடைக்கு வந்துருவாளுங்க. பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டு வாய்ஸ் எதுக்குங்க போடறது?"

கல்யாண வீடியோவிலும் தலையைக் குனிந்து சிரிக்கிறாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"எந்த ஆர்டரா இருந்தாலும் பார்ட்டிக்கு ஒரு சாம்பிள் குடுத்தா, அதே மாதிரி ஒண்ணை எங்கிட்ட எடுத்து வெச்சுக்குவனுங்க. இதுக்குத் தனியா ஒரு காப்பி வெச்சுக்காம உட்டுட்டனே..."



கம்ப்யூட்டர் தெரிந்த மைத்துனனுக்குப் போன் போட்டேன். காப்பி எடுத்து வைத்திருந்தாலும் அது பூட்டோடுதான் வந்திருக்கும் என்றான். பிரவுசருக்குள்ளேயே அந்தப் பூட்டுக்கு வசதி இருக்கிறதாம். இணையத்துக்குப் பொது விதி வகுக்கும் சபைதான், பெரிய படக் கம்பெனிகள் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று சமரசமாக இடம் கொடுத்ததாம்.

திருட்டைத் தடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். நானும் எழுதிப் பிழைப்பவன். ஆனால், சமரசம் என்றால் இரண்டு தரப்பும் இறங்கி வர வேண்டாமா? பூட்டுப் போட்டுக்கொள் என்றவர்கள், 'கடையைக் காலி செய்யும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போ' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே! காதர்பேட்டையில் வாடகைக் கடைக்காரர்கூட அதைச் செய்துவிட்டுத்தான் போகிறார். திருட்டுக் காப்பி எடுத்தவன் எங்கோ உட்கார்ந்து நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். காசு கட்டி வாங்கிய சலீம் பாய்தான் வெளியே நிற்கிறார்.

கிளம்பும்போது பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க பத்திரிகையில எழுதறீங்களே... அந்தக் கம்பெனிக்காரங்க யாராச்சும் படிப்பாங்களா?"

அதற்காகத்தான் இந்த வாரம் இதை எழுதினேன். ஐயா... யாராவது படிக்கிறீர்களா?