வாய்க்காலில் பறிபோன தொப்பி

பெரு நாட்டின் குஸ்கோ நகரத்திலிருந்து நீர்வளத் துறை இன்ஜினியர் அம்மா வந்திருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் தெமெத்ரியோவின் நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால் லியோகாடியாவுக்கு உரிமையா, அவர் போட்ட பிச்சையா என்று இன்றைக்கு முடிவாகிவிடும். பிச்சை என்றாகிவிட்டால் மக்காச்சோளம் கருகும். மழை பெய்தாலோ வடிய வழியில்லாமல் அழுகும். தண்ணீர் வருவதும் அவர் நிலத்து வழி, வடிவதும் அவர் நிலத்து வழி. நடுவில் மாட்டிக்கொண்ட துண்டு நிலம் இவளுடையது. புருஷன் அவளுக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.

தெமெத்ரியோ ஒன்றும் கெட்டவர் இல்லை. நிலத்தை விடுதி கட்டுகிறவர்களுக்கு விற்கப் பார்க்கிறார். அவர்கள் வாய்க்கால் இல்லாமல் கேட்கிறார்கள். அதற்காக ஒருத்தி வயிற்றில் அடிப்பாரா மனுஷன்? அடிப்பார்!

எதையாவது கொண்டுபோனால் தயவு கேட்பதுபோல் ஆகிவிடும், வெறுங்கையோடு வா என்று மகள் நிக்கோலாசா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். லியோகாடியா என்னடாவென்றால் ஒரு குடம் சிச்சாவோடு வந்து நிற்கிறாள். மக்காச்சோளக் கள் இல்லாமல் அடுத்தவர் வயலில் எப்படிக் கால் வைப்பதாம்? போதாததற்கு, "அனுமதி குடுங்கண்ணே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தெமெத்ரியோவுக்கு வாயெல்லாம் பல். "கேட்டீங்களா இன்ஜினியரம்மா? தூர் வார வர்றப்பல்லாம் இப்படித்தான் கேக்கும். போனாப் போகுதுன்னு விட்டேன். விட்டவன் நான், இப்ப நிறுத்திக்கிறேன்."

"வருஷா வருஷம் கேப்பீங்களாம்மா?" என்று லியோகாடியாவைக் கேட்டார் இன்ஜினியர் அம்மா.

"ஆமாங்க." பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு. நிக்கோலாசா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தயவுல விட்டதுன்னா அது உரிமை ஆகாதே" என்றபடி எழுதத் தொடங்கினார் இன்ஜினியர் அம்மா.

லியோகாடியா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நாந்தானே தூர் வாரறேன்..."

"கிழிச்சே!" தெமெத்ரியோ குஷியில் எகிறினார். "நான் ஊருக்குத் தண்ணி பங்கு வைக்கிற மணியமா இருந்த வருஷம் என்ன பண்ணே? பாதிச் சேத்தை அப்படியே போட்டுட்டுக் கிளம்பலை? ஊர் முன்னாடி தொப்பியைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன்ல! திரும்பி வந்து ஒழுங்கா வாரின அப்புறம்தானே குடுத்தேன்!"

லியோகாடியாவுக்கு உடம்பு கூசியது. நிக்கோலாசா அப்போது வயிற்றில், குனிய முடியவில்லை. வெறுந்தலையோடு வீட்டுக்கு நடந்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "யாரோட தொப்பியைப் பிடுங்குவீங்க?"

"தண்ணியும் எடுத்துக்கிட்டு, அவங்க பங்கு வாய்க்காலை வாராம விடறவங்களோடது. ஊர்க் கட்டுப்பாடும்மா அது!"

"ஓஹோ, அவங்க பங்கு. போனாப் போகுதுன்னு தண்ணி குடுத்தா, அவங்க தொப்பியையும் பிடுங்குவீங்களோ?"

இன்ஜினியர் அம்மா லியோகாடியா பக்கம் திரும்பினார்.

"அப்ப அனுமதி கேட்டதெல்லாம் என்னம்மா?"

"மரியாதைங்க," என்றாள் லியோகாடியா. "மலையேறப் போனா மலைகிட்டயும்தான் கேக்கறோம். மலை என்ன இவரு சொத்தா?"

இன்ஜினியர் அம்மா சிரித்துவிட்டார். எழுதியதை அடித்துவிட்டு, "வேலையில பங்குன்னா தண்ணியிலயும் பங்குதான். உரிமைன்னே அறிக்கை குடுக்கறேன். வர்ற தண்ணிக்கும் வடியற தண்ணிக்கும்" என்றார்.

லியோகாடியா எழுந்து முதல் கோப்பையைத் தெமெத்ரியோவிடம்தான் நீட்டினாள்.

"குடிங்கண்ணே. அன்னிக்கு மட்டும் நீங்க பாவம் பாத்துத் தொப்பியை விட்டிருந்தா, இன்னிக்கு எனக்குத் தண்ணியில்ல."