அலமாரி பல்பும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

அந்த ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினால் போதும், கம்ப்யூட்டர் படுத்துவிடும். திரை நீலமாகும், ஆங்கிலத்தில் ஏதோ மன்னிப்புக் கேட்கும், அணைந்து போகும். முதலில் நான் கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். "சனியனே, உனக்கும் இப்பத்தான் நேரம் வந்துச்சா?" என்று வாய்விட்டே கேட்டேன். வீட்டில் பதில் சொல்ல வேறு யாரும் இல்லை.

என் கணவர் கல்யாண வீடியோ எடுப்பவர். போன மழைக்காலம் தொடங்கும் முன் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கையில் மிச்சம் இருந்த வேலையெல்லாம் அந்த டிஸ்க்கில் கிடந்தது. அதில் எங்களுடையது என்று ஒன்றே ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அடுப்படியில் போண்டா சுட்டபடி என்னைக் கிண்டல் பண்ணிப் பேசியது. அவர் முகமும் குரலும் சேர்ந்து இருந்தது அதில் மட்டும்தான். அது எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

நான் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் அலுவலக வேலை பார்ப்பவள். கம்ப்யூட்டருக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஒயரை மாற்றினேன். முன்பக்கம் சொருகுவதை விட்டுப் பின்பக்கம் சொருகினேன். பக்கத்து வீட்டு லேப்டாப்பை வாங்கி வந்து அதில் போட்டேன், அதுவும் அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க்கைப் பிடுங்கினால் இரண்டும் நாளெல்லாம் ஒழுங்காக ஓடின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை.

குன்னூரில் ரிப்பேர் கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"கேமரா அலமாரிலதானுங்க."

"உள்ள பல்பு எரிஞ்சுதுங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

எங்கள் பக்கம் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டே வைப்போம். இல்லாவிட்டால் மலை ஈரத்தில் பட்டுப்புடவை முதல் கேமரா லென்ஸ் வரை பூஞ்சை பிடித்துவிடும். அவர் அந்த பல்பை ஒருநாளும் அணைத்ததில்லை. அவர் போன பிறகு, கதவிடுக்கில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது வந்து லென்ஸை எடுக்கப்போகிறார் என்றே தோன்றும். தாங்க முடியாமல் அணைத்துவிட்டேன். மழை முடியும் வரை டிஸ்க் அந்த ஈர இருட்டிலேயே கிடந்திருக்கிறது.

"ஈரம் ஏறிருச்சுங்க. காய வெச்சுப் பாக்கறேன். ஒருக்கா ஓடுனாலும் ஓடும், அப்பறம் உசுரு இருக்கறது சந்தேகந்தான். எது முக்கியமோ அதை மொதல்ல எடுத்துப்போடுங்க" என்றார்.

எது முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் கணவர் கடைசியாக எடுத்த கல்யாணத்தின் பெண், கோத்தகிரி பக்கம் கட்டபெட்டுக்காரி, அன்று காலையிலும் போன் பண்ணியிருந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க கல்யாணத்துக்கு அந்த வீடியோ ஒண்ணுதானுங்க. கெடைச்சுருங்களா?" கோபிக்க எனக்கு ஏது வாய்? எங்கள் போண்டா வீடியோவை வேறு எதிலாவது ஏற்றி வையுங்கள் என்று நான் சண்டை பிடித்தபோதெல்லாம் அந்த மனிதர் சொன்னது ஒன்றுதான். "கஸ்டமருது மொதல்ல முடியட்டும், நம்முளுதுக்கு என்ன அவசரம்?"

காய வைத்த டிஸ்க் ஓடியது. கட்டபெட்டுக் கல்யாணத்தை முதலில் காப்பி போட்டேன். பாழாய்ப்போன பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்து, ஒருவழியாக முடிந்தது. அடுத்து போண்டா. கோடு பாதிகூட வரவில்லை. டிஸ்க்குக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம், திரை நீலமானது. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைப் பிடுங்கினார். நான் கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு கோயமுத்தூர் வரைக்கும் அனுப்பிப் பார்த்தேன், அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள்.

என் கணவர் முன்பு முடித்துக் கொடுத்த வீடியோக்களைத் தெரிந்த வீடுகளில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவர் குரல் எதிலும் இல்லை. தான் பேசிய இடத்தையெல்லாம் வெட்டிவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தார், புண்ணியவான்.

கட்டபெட்டு வீடியோதான் வெட்டாமல் ஒட்டாமல் எடுத்தபடியே இருந்தது. முடித்துத் தரச் சொல்லித் தெரிந்த ஸ்டூடியோவில் கொடுத்து, நானும் கூடவே உட்கார்ந்தேன். தாலி கட்டியாயிற்று, மேளம் ஓய்ந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல். பிறகு மெல்ல, "சாரிங்க."

அந்த இருமலுக்கு அவரை நான் திட்டாத நாள் கிடையாது. மப்ளரைக் கட்டுங்கள் என்றால் கேட்கவே மாட்டார்.

"ஏனுங்கக்கா, இந்த இருமலை எடுத்துரட்டுங்களா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அவங்களுக்கு எடுத்துருங்க" என்றேன். "எடுத்ததை எங்கிட்டக் குடுத்துருங்க."