தம்பி பங்கையும் குடித்தவள்

என் நாத்தனார் ஆகெடாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யாரும் கிடையாது. அவளோடு அதிகம் சண்டை போட்டவள் நான்தான். அவள் மனசு தங்கம் என்று ஊரார் சொல்வார்கள். அவர்கள் யாரும் அவளோடு ஒரே சமையலறையில் நின்றதில்லை. நான் எலுமிச்சம்பழத்தைத் தோல் சீவினால், "என்ன அசும்தா, தோலைச் சீவச் சொன்னா பழத்தையே கொத்தி வச்சிருக்கியே" என்பாள். உள்ளே இருக்கும் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் பானம் கசக்குமாம். கசக்கும்தான். அதற்காக அப்படியா சொல்வது?

ஃபெரேரியஸ் எங்கள் ஊர். அங்கே மாதா கோயில் சதுக்கத்துக்குத் திரும்புகிற முனையில் அவள் வீடு. செருப்புப் பட்டறையில் வார் வெட்டித் தைக்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "இந்த ஊர் ஆம்பளைங்களுக்கு ஒரு எலுமிச்சம்பழம் ஒழுங்காப் பிழியத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்பாள். பாவம், கேட்டவர்கள் மறுபடி அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அவள் போடும் பொமாடாவில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ஜின், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர். எங்கள் மெனோர்கா தீவில் கோடை வந்தால் எல்லா வீட்டிலும் போடுவதுதான். இவள் சொல்லிக்கொடுத்தும் மற்றவர்கள் தோலை அவசரமாகச் சீவிப் போட்டு, சாறு பிழிந்து, சர்க்கரை கரைத்து, ஜின்னை ஊற்றிக் கலக்கிவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். இவள் மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, சர்க்கரையோடு சேர்த்துப் பிசறி, ஈரத்துணி போட்டு மூடி ராத்திரி முழுக்க வைத்துவிடுவாள். காலையில் சர்க்கரை நீர்விட்டு, வீடு முழுக்க எலுமிச்சை மணக்கும். அதில் சாற்றையும் தண்ணீரையும் விட்டு வடிகட்டி, கடைசியில் ஜின். பிறகு பாட்டில்களில் நிரப்பி உறைபெட்டியில் போடுவாள். ஜின் இருப்பதால் அது கட்டியாக உறையாது. ஊற்றும்போது பொடிப்பொடிப் பனியாகச் சரசரவென்று விழும். ஆகஸ்டு வெயிலில் ஒரு வாய் குடித்தால் பிடரி வரைக்கும் குளிரும். சண்டைக்காரி கையால் குடித்தாலும் அப்படித்தான்.

அவள் தம்பி கிலேம்தான் என் வீட்டுக்காரர். பால்மாடு வைத்துப் பாலாடைக்கட்டி செய்கிறவர். நல்ல குதிரைக்காரர். குடிகாரரும்கூட. இதை ஊருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாட்டுக் கொட்டிலில் விழுந்து கிடந்தால் முதுகுப் பிடிப்பு என்பேன். மாவோ நகரத்துக்கு வைத்தியத்துக்குப் போனபோது, பாலாடைக்கட்டி விற்கப் போயிருக்கிறார் என்றேன். உண்மை தெரிந்தவர்கள் நானும் ஆகெடாவும் மட்டும்தான். அவர் ஒரு சொட்டு தொடாமல் இரண்டு வருடம் ஓடியிருந்தது. ஒரே ஒரு சொட்டு உள்ளே போனாலும் பழைய கதைதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தோடுதான் நான் தினமும் எழுந்தேன்.

அப்படியிருக்க, அந்தக் கோடையில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்:

"அசும்தா, இந்த வருஷம் புனித பார்த்தொமேயு திருவிழாவுல நான் குதிரை ஏறப்போறேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருவிழாவில் குதிரைக்காரர்கள் வீதி வழியாக வரும்போது வாசலுக்கு வாசல் பொமாடா நீட்டுவார்கள். குதிரையைவிட்டு இறங்கக் கூடாது. கொடுத்ததைக் குடித்துவிட்டு, கிளாஸைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறைந்த கிளாஸைத் திருப்பினால், உன் வீடு எனக்கு ஆகாது என்று முகத்தில் அடித்த மாதிரி. அதற்காகப் பல வருடம் பேசாமல் இருந்த குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு.

நான் அழுதுகொண்டே ஆகெடாவிடம் போனேன். கிலேமும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஏன்டா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள்.

"அக்கா, ரெண்டு வருஷமா மாட்டு மூஞ்சியையும் இவ மூஞ்சியையும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு நாள் மனுஷனா குதிரைமேல உக்காரணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

மாட்டையும் என்னையும் சேர்த்துச் சொன்னதற்கு அப்புறம் தனியாகக் கவனித்துக்கொண்டேன். ஆனால் அவர் குரலில் இருந்த ஏக்கம் எனக்கும் கேட்டது. ஆகெடாவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"ஏறுடா. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

ஜின்னுக்கு அந்த மணத்தைக் கொடுப்பது ஜூனிப்பர் காய். அதை வாங்கி வந்து வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தன் எலுமிச்சைத் தண்ணீரில் கலந்தாள். நான் குடித்துப் பார்த்தேன். சத்தியமாக வித்தியாசம் தெரியவில்லை. அதைப் பல பாட்டில்களில் நிரப்பி, கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, குதிரைகள் நிற்கும் வாசல்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கிலேமுக்குச் சர்க்கரை வந்திருக்குடி. இது அவனுக்குன்னு இனிப்பில்லாமப் போட்டது. உறைபெட்டில வச்சிரு. அவனுக்கு இதை மட்டும்தான் குடுக்கணும்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வைத்தாள். எல்லாரும் உச்சுக்கொட்டி வாங்கிக்கொண்டார்கள்.

திருவிழா அன்று கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையுமாக அவர் கறுப்புக் குதிரைமேல் உட்கார்ந்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. நானும் ஆகெடாவும் குதிரையை ஒட்டியே நடந்தோம். முதல் வாசல் செஸ்காவின் வீடு. அவள் உள்ளே போனாள். போனவள் வரவேயில்லை. பிறகு சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏய் ஆகெடா, என்னடி போட்டுக் குடுத்திருக்க? கருங்கல்லாட்டம் இருக்கு!"

அவள் புருஷன் தொமேயு பாட்டிலை வாங்கி வாசற்படியில் டங்கென்று தட்டினான். கூட்டம் சிரித்தது. ஆகெடாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜின் இல்லைன்னா உறைஞ்சிடும்டி..." என்று என் காதில் முணுமுணுத்தாள். "எனக்குத் தோணவே இல்லையே."

எப்படித் தோன்றும்? பிறந்ததிலிருந்து அவள் ஜின் இல்லாமல் பொமாடா போட்டதே இல்லை. போட்டால் உறைபெட்டி, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். வீதி முழுக்க எல்லா வீட்டுப் பெட்டியிலும் அதே கல்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போகட்டும் விடு. ஒரு கிளாஸ்ல சர்க்கரை ஏறிடாது" என்று செஸ்கா தன் வீட்டுப் பொமாடாவை ஊற்றி மேலே நீட்டினாள். கிலேம் குனிந்து வாங்கினார். பின்னால் குதிரைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஊர்வலத்துக்கு முன்னால் போகும் புல்லாங்குழல்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கிளாஸ் அவர் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் வாசனை அவருக்கு எட்டிவிட்டது என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்தார்.

ஆகெடா எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"குடுடா இங்க! சொல்லிக்குடுத்தவ நான், ஊர்ல எவ எப்படிப் போட்டிருக்கான்னு நான் பார்க்க வேணாமா?"

பிடுங்கி, ஒரே மூச்சில் குடித்து, காலிக் கிளாஸைச் செஸ்காவிடம் கவிழ்த்துக் காட்டினாள். "தோல்ல வெள்ளையை விட்டுட்டடி!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குதிரை நகர்ந்தது.

கரண்டியில் தொட்டு ருசி பார்ப்பதோடு சரி, அதற்குமேல் குடிக்காதவள் அவள். அடுத்த வாசலிலும் பிடுங்கிக் குடித்தாள். அதற்கடுத்த வாசலிலும்.

"அண்ணி, அடுத்தது நான் குடிக்கறேன்" என்று அவள் தோளைப் பிடித்தேன்.

"நீ குடிச்சா, பொண்டாட்டி ஏன் குடிக்கறான்னு யோசிப்பாங்க. நான் குடிச்சா சிரிப்பாங்க. சும்மா வா."

சிரிக்கத்தான் செய்தார்கள். பாதி வீதியில் அவள் குதிரையின் சேணவாரைப் பிடித்துக்கொண்டாள். முனை வீட்டருகில் தொப்பிக்காரர் ஒருவரைத் தூண் என்று நினைத்துச் சாய்ந்தாள். சதுக்கத்தில் வாத்தியம் முழங்கி, கிலேமின் குதிரை முன்னங்காலைத் தூக்கி எழுந்து நின்று, ஜனங்கள் அதிர்ஷ்டம் என்று அதன் மார்பைத் தொட முண்டியடித்தபோது, அவள் மருந்துக்கடைச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"விழலையே?"

"விழலை அண்ணி."

"குடிக்கலையே?"

"குடிக்கலை."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். புதுப் பாவாடை. அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் கூட்டம். நாங்கள் மூவரும் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். "ஆகெடா, தம்பிக்கு ஒரு மிடறாவது வச்சியா?" என்றாள் ஒருத்தி. "கல்யாணம் ஆகாதவ, ரகசியமா எத்தனை வருஷப் பழக்கமோ" என்றாள் இன்னொருத்தி. பட்டறையில்கூடச் சொல்லிவிட வேண்டும், கத்தி பிடிக்கிற வேலையாச்சே என்று யாரோ மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. ஆகெடா தலையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு, குடிச்சேன். உனக்கென்னடி?" என்றாள்.

கிலேம் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அவளுக்குக் குடிக்கவே தெரியாது. குடிகாரன் நான். வைத்தியத்துக்குப் போயிட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நேத்து நான் குடிக்கக் கூடாதுன்னுதான் என் பங்கெல்லாம் எங்கக்கா குடிச்சா."

செஸ்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கிலேமின் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் நான் மூடி மறைத்ததை அவர் ரொட்டிக்கடையில் நின்று சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஆகெடாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அட முட்டாப் பயலே, இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா என் தலை தப்பிச்சிருக்குமேடா!" என்று கத்திவிட்டு, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.