கட்டைவிரல் பட்ட இடம்

என் அண்ணனுக்குப் புதுசைப் பழசாக்கும் வேலை. ஊரெல்லாம் பழசுக்குப் பாலிஷ் போட்டுப் புதுசாக்கிக்கொண்டிருக்க, இவன் மட்டும் போன வாரம் வார்த்த பித்தளைக்கு நூறு வயது ஏற்றிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவான். கை கழுவினாலும் சட்டையை விட்டு அம்மோனியா நெடி போகாது. அவன் தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு மூக்கு சொல்லிவிடும்.

வேலை சின்னதுதான். புதுச் சாமானின் பளபளப்புப் பூச்சைத் தின்னர் போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் அம்மோனியாவை ஊற்றி, மேலே கம்பி வலையில் சாமானை அடுக்கி மூடிவிட்டால் மறுநாள் பித்தளை கறுத்துப் பச்சை பூத்திருக்கும். இரும்பென்றால் வினிகரும் உப்பும் போதும், துரு தானாக வரும். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குப் பிறகு உப்புத்தாளை வைத்துக்கொண்டு எங்கே தேய்ப்பது, எங்கே விடுவது என்பதில்தான் அண்ணனை யாரும் மிஞ்ச முடியாது.

"கை படுற இடம் மின்னணும், கை போகாத மூலை கறுக்கணும். அவ்வளவுதான் வயசு" என்பான். ஒரு கதவுப்பிடியைக் கையில் எடுத்தால், அதை யாரோ ஐம்பது வருடம் திறந்து மூடியதாக மனதுக்குள் கற்பனை செய்துகொண்டுதான் தேய்ப்பான். அந்தக் கர்வம் அவனுக்கு உண்டு. மாதிரிக்கென்று வரும் அசல் பழைய சாமானில் அவன் ஒரு அடையாளமும் போட மாட்டான். நகல்களோடு நகலாக அதே பலகையில் வைத்துவிடுவான். "எது அசல்னு எனக்குத் தெரியாதா? சீட்டு ஒட்டி வெச்சுத்தான் கண்டுபிடிக்கணுமா?" என்று எகிறுவான். யானைக்கும் அடி சறுக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நீ உன் வேலையைப் பாரு" என்றான்.

அம்மாவிடம் ஒரு பித்தளைக் கைமணி இருந்தது. முப்பத்தொரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவள் அவள். மின்சார மணி வந்ததும், அந்தப் பழைய மணியை அவளுக்கே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டில் ஒருமுறை அம்மாவின் வலது கட்டைவிரல் நசுங்கி, கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கோணல் விரல் முப்பது வருடம் அழுத்தி அழுத்தி, மணியின் கைப்பிடியில் சாய்வாக ஒரு குழி விழுந்திருந்தது. வீட்டில் வேறு யார் பிடித்தாலும் அந்தக் குழி விரலுக்கு அமையாது.

இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுக்கையோடு ஆன பிறகு அந்த மணிதான் அவளுக்குக் குரல். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு தட்டு, புரட்டிப் படுக்க வைக்க இரண்டு தட்டு. மூன்று தட்டினால் சும்மா பேச ஆள் வேண்டும் என்று அர்த்தம். பெரும்பாலும் மூன்றுதான் அடிப்பாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் முதலாளிக்கு ஒரு டஜன் பழைய கைமணிக்கு ஆர்டர் வந்தது. அண்ணன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினான்.

"ஒரே வாரம்மா. மாதிரி பார்த்துட்டுக் கொண்டு வந்துடுறேன்."

"மறுபடி இதே மணி வந்துடணும்டா."

"பின்னே, வேற மணியா வரும்?"

பத்து நாள் அம்மா டம்ளரில் கரண்டியால் தட்டிக் கூப்பிட்டாள். பட்டறையில் பன்னிரண்டு நகலும் ஒரு அசலும் ஒரே பலகையில் நின்றன, நகல்களின் கைப்பிடியிலும் பொதுவாக ஒரு விரல் குழி ராவியிருந்தான். வண்டி சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. அண்ணன் அப்போதுதான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தான். பேக்கிங் செய்யும் அக்கா என்ன செய்வாள், பாவம். பன்னிரண்டு என்று சீட்டில் இருந்தது, முன்னால் நின்ற பன்னிரண்டை எண்ணிப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாள். மிச்சம் ஒன்று பலகையில் நின்றது. அண்ணன் திரும்பிப் போய் அதைக் கையில் எடுத்த அந்த நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது அவன் செய்தது.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அவன் போன் மேல் போன் போட்டிருக்கிறான். பெட்டி கைமாறிக் கைமாறி நாலு ஊர்க் கடைகளுக்குப் பிரிந்து போயிருந்தது. கடைசியாகப் பேசிய வியாபாரி சிரித்துக்கொண்டே, "செஞ்ச உங்களுக்கே அடையாளம் சொல்லத் தெரியல, எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றிருக்கிறார்.

அப்போதே வந்து அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவள் இரண்டு நாள் அழுதிருப்பாள், மூன்றாம் நாள் திட்டியிருப்பாள், நாலாம் நாள் ஒழிந்தது போ என்றிருப்பாள். இவன் பட்டறையில் உட்கார்ந்து அந்த நகலின் கைப்பிடியை அரத்தால் ராவி, அம்மாவின் விரல் குழியை ஞாபகத்திலிருந்தே செதுக்கினான். சாய்வாகத்தான் செதுக்கினான். மறுபடி கறுக்க வைத்து, குழியை மட்டும் மின்னத் தேய்த்து, மெழுகு பூசிக் கொண்டுவந்து கொடுத்தான்.

அம்மா வாங்கினாள். விரலை வைத்தாள். மணியைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். "வந்துடுச்சா" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அண்ணன் அம்மாவின் கட்டில் பக்கம் அதிகம் உட்கார மாட்டான். வருவான், டிவியைப் பார்த்துக்கொண்டே "சாப்டியாம்மா?" என்று கேட்பான், போய்விடுவான். அந்த மணியை அவன் கையால் தொட்டதே இல்லை. அவன் இருக்கும்போது அம்மாவும் மணி அடித்ததில்லை.

ஒரு மதியம் நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்.

"இது என் மணி இல்லடி."

"என்னம்மா சொல்ற? அண்ணன்தானே கொண்டு வந்தான்."

"கண்ணுக்கு அதேதான். விரலுக்கு இல்ல. குழி ஒரு நெல்லளவு தள்ளி இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே போய் அவனை உலுக்கிக் கேட்கப் புறப்பட்டேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவன்கிட்ட கேக்காத. அவனா வந்து சொல்லட்டும். சொல்லுவான்."

சொல்லுவான் சொல்லுவான் என்று இரண்டு வருடம் போனது. அவன் கால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அம்மா தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து படுப்பாள். அவன் சாப்டியாம்மா என்பான். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை அவன் காதில் நான் போட்டிருக்கலாம். போடவில்லை. தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று பெயர் வாங்கப் பார்த்தேன் போலிருக்கிறது.

அம்மா ஒரு காலை வேளையில், நான் பால் காய்ச்சப் போன நேரத்தில் போய்விட்டாள். மணி அடிக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து அவள் சாமான்களை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டினான். பலகை, வண்டி, பேக்கிங் அக்கா, வியாபாரி, எல்லாம். கடைசியில், "நல்லவேளை, அம்மாவுக்குத் தெரியாமலே போச்சு" என்று சொல்லிக்கொண்டே, அவளிடம் கொடுத்த பிறகு முதல்முறையாக மணியைக் கையில் எடுத்தான்.

எடுத்தவன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அவன் மின்ன வைத்த குழியின் ஒரு ஓரம் மங்கிக் கறுத்துக் கிடந்தது. இரண்டு வருடமாக அதில் ஒரு விரலும் படவில்லை. எதிர் ஓரத்தில், குழியைத் தாண்டி ஒரு நெல்லளவுக்கு மெழுகும் கறுப்பும் போய், பித்தளை மஞ்சளாக மின்னியது. சாய்வாக. இதைப் படிக்க அவனைவிடத் தெரிந்த ஆள் யார் இருக்கிறார்கள்?

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான்.

"தெரியும்."

"உனக்கு?"

"எனக்கும் தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தா."

"எத்தனை நாளா?"

"நீ கொண்டு வந்து கொடுத்த நாள்லேர்ந்து."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்து நாலு வயது ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. திட்டுவதற்கு இரண்டு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் அப்போது வாயில் வரவில்லை. மணியை அவனையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இப்போதும் அவனுக்கு அதே வேலைதான், அதே நெடிதான். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மாதிரிக்கென்று எந்தப் பழைய சாமான் வந்தாலும் முதல் வேலையாக அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுகிறான். போன மாதம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அதைப் பார்த்துவிட்டு, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா, அண்ணா?" என்று வழக்கம்போலக் கிண்டலாகக் கேட்டுவிட்டேன். அவன் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான். சொல்ல வேண்டியதை இரண்டு வருடம் சொல்லாமல் இருந்தவள் நான், இதை மட்டும் எதற்குச் சொன்னேனோ.