தூரத்து வளைவில் போர்டு பிடித்தவன்

1. திங்கட்கிழமை

லாரி ரேஸ் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். லாரியைக் கொண்டுபோய் யாராவது ரேஸ் விடுவார்களா என்கிறார்கள். விட்டோம். எண்பதுகளின் பின்பாதியில், சிங்கப்பூரில் பூன் லே பக்கம் இருந்த ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி சம்பளம் கொடுத்து ஒரு டீமே வைத்திருந்தது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதை இழுக்கும் முன்வண்டியான பிரைம் மூவர் மட்டும் ஓடும். ரேஸ் நடப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில். நான் அந்த டீமில் மெக்கானிக்.

ரேஸ் வாரம் எனக்குத் தீபாவளியும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வந்த மாதிரி. அப்போது கிளமெண்டியில் ஒரு சீனர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் என் கதவு திறந்தால் அவர்கள் கதவு சாத்திக்கொள்ளும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒரே அக்கா பினாங்கில். மற்ற நாட்களில் தனியாகத்தான் சாப்பாடு. ரேஸ் வாரத்தில் மட்டும் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஞாயிறு ரேஸ் முடிந்ததும் நேரே சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, பெரிய மேசையில் இலை போட்டு ஒரு பிடி பிடிப்போம். அதில் ஒரு இடம் எனக்கு உண்டு. சொன்னால் வெட்கம், அந்த இடத்துக்காகத்தான் நான் அந்த வேலையில் இருந்தேன்.

சீஃப் மெக்கானிக் சண்முகம் அண்ணன். செம்பவாங் கப்பல் டாக்யார்டில் பழகிய கை. அன்று மற்றவர்களுக்கு பிட்டில், ரேஸ் நடுவே வண்டியைப் பழுது பார்க்கும் இடத்தில், வேலை கொடுத்தவர், தூரத்து வளைவில் நின்று டிரைவருக்குக் காட்டும் போர்டை என்னிடம் நீட்டினார். எப்போதும் பிடிக்கிறவருக்கு உடம்பு சரியில்லை.

"ஏன் அண்ணே, நான் வீல் பாத்துக்கிறேனே?"

"பிட்டுக்கு எல்லாருக்கும் வீட்டுலேருந்து வருவாங்கடா. பொண்டாட்டி, புள்ளைங்க. உனக்குத்தான் யாரும் வரமாட்டாங்களே. நீ அங்க போய் நில்லு லா."

அவர் மனம் நோகப் பேசுகிறவர் இல்லை. நடப்பைச் சொன்னார், அவ்வளவுதான். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

2. சிவப்புப் பக்கம்

போர்டு வேலை இதுதான். டிரைவருக்குத் தன் வண்டியின் பின்பக்கம் தெரியாது. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் கண்ணாடியில் ஒன்றும் பார்க்க முடியாது. எஞ்சின் சத்தத்தில் வாக்கி டாக்கியும் உதவாது. அதனால் பிட்டுக்கு நேர் எதிர்ப்புறம், தூரத்து வளைவில் ஒருவன் நிற்பான். வண்டி பிரேக் போட்டுத் திரும்பும்போது பின் சக்கரங்களைப் பார்ப்பான். ஒன்றுமில்லை என்றால் வெள்ளைப் பக்கம். ஆபத்து என்றால் சிவப்புப் பக்கம், உடனே பிட்டுக்குள் வா என்று அர்த்தம்.

லாரி பிரேக் சூடாகும். அதற்காகச் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே ஓட்டுவார்கள். தண்ணீர் பட்டால் வெள்ளையாக ஆவி வரும், வந்த இடத்திலேயே கரையும். டிரம்மை அழுத்திப் பிடிக்கும் லைனிங் தீய்ந்தால் வருவது சாம்பல் நிறப் புகை. அது கரையாமல் பின்னாலேயே இழுபட்டுப் போகும். அப்படியே விட்டால் பிரேக் பிடிக்காது, டயரிலும் தீப்பிடிக்கலாம்.

டிரைவர் தங்கராஜ் அதிகம் பேசாதவர். வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"நீ சிவப்பக் காட்டுனா நான் ஏன்னு கேக்கமாட்டேன். உள்ள வந்துருவேன். பாத்துக் காட்டு."

3. ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குக்கூட நான் போகவில்லை, காலையிலேயே பாலம் தாண்டிவிட்டோம். ஒரு பன்னும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து வளைவில் இறக்கிவிட்டுப் போனார்கள். அங்கே வேலியும் லாலான் புல்லும்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியும் கைதட்டலும் காற்று திரும்பும்போது மட்டும் கேட்கும். சண்முகம் அண்ணன் வீட்டிலிருந்து வறுத்த மீன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாதிரி நான் தனியாக உணர்ந்ததே இல்லை.

ரேஸ் தொடங்கியது. தங்கராஜ் இரண்டாவதாக வந்தார். முன்னால் போகிற வண்டியைச் சுற்றுக்குச் சுற்று நெருங்கினார். இன்னும் இரண்டே சுற்று. லேசாகத் தூறல் விழுந்து ரோடு நனைந்திருந்தது. வண்டி வளைவுக்கு வந்து பிரேக் போட்டபோது, இடது பின் சக்கரத்தில் புகை.

சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. ஈர ரோட்டிலிருந்து எழும் ஆவியா, டீசல் புகையா என்று மனம் அடித்துக்கொண்டது. ஜெயிக்கப்போகிற வண்டியை இழுத்து நிறுத்திவிட்டு, அது வெறும் ஆவி என்று தெரிந்தால் அந்த மேசையில் என் முகத்தை யார் பார்ப்பார்கள்? காட்டாமல் விட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. புகை கரையவில்லை என்று என் கண் சொன்னது. சிவப்பைத் திருப்பினேன்.

எதிர்ப்பக்கம் போனதும் அவர் வண்டியை வெட்டி பிட் பாதையில் விட்டார். ரேஸ் அதோடு போனது.

4. பிட்

நான் நடந்து வந்து சேர்வதற்குள் சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள். வரும் வழியெல்லாம் தண்ணீர் கொட்டியதில் டிரம் நனைந்து கிடந்தது. சூடுதான், ஆனால் ரேஸ் ஓடிய எல்லா வண்டிக்கும் அந்தச் சூடு இருக்கும். லைனிங் கொஞ்சம் கறுத்திருந்தது. அது இன்று கறுத்ததா, முன்பே கறுத்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றுவரை எனக்கும் தெரியாது.

முதலாளி லிம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காரில் ஏறிப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்.

"நல்லா பாத்தியா மரியதாஸ்?" என்றார் சண்முகம் அண்ணன்.

"பாத்தேன் அண்ணே."

"ஷ்யூரா?"

கீழே கிடந்த சக்கர நட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: சந்தேகம் வந்தால் சிவப்பைக் காட்டு. நீ காட்டியது சரி என்று யாரும் வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதே. விபத்து நடக்கவில்லை என்றால் உன் பக்கம் பேச சாட்சியே கிடையாது.

5. வேன்

திரும்பும்போது வேனில் கடைசி சீட்டில் போர்டோடு உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. எல்லோரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எப்போதும் வேன் டிரைவர் பக்கத்தில் உட்காரும் தங்கராஜ் கடைசியாக ஏறினார், நேரே பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாலத்து நெரிசலில் தூங்கிப்போனார். தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது.

சிராங்கூன் ரோட்டில் வேன் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. சண்முகம் அண்ணன் மட்டும் கதவு வழியே தலையை நீட்டி, தங்கராஜை எழுப்பச் சொன்னார், சாப்பாடு ஆறிவிடுமாம். தூங்கட்டும் அண்ணே என்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

கடைக்குள்ளிருந்து மீன் குழம்பு வாசம் வந்தது. நல்ல பசி. தோள் மரத்துப்போயிருந்தது. நான் அசையவில்லை.