பன்னீர் தெளித்த ராக் இசைக்குழு

லண்டன் செவன் கிங்ஸில் நண்பன் மகளுக்குச் சாமத்திய வீடு. பூப்பு விழாவை இங்குள்ள ஈழத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மண்டப வாசலில் நிற்கிறேன். கிட்டார் பெட்டிகளோடு நான்கு வெள்ளைக்காரர்கள் வேனிலிருந்து இறங்குகிறார்கள். ஆஸ்திரேலிய ராக் இசைக்குழு. அடுத்த தெரு பப்பின் கண்ணாடியில் இவர்கள் படத்தைக் காலையில் பார்த்தேன். வரவேற்பில் நிற்கும் அண்ணை எதுவும் கேட்காமல் பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, உள்ளே உட்கார்த்தி, வடைத் தட்டை முன்னால் வைக்கிறார்.

முந்நூறு பேரைப் பார்த்துப் பாடகர் கண் கலங்குகிறார். “பன்னிரண்டு வருடம், மூன்று ஆல்பம். யாரும் எங்களுக்காகப் பட்டு உடுத்தி வந்ததில்லை,” என்கிறார் என்னிடம். “இன்றும் கூட்டம் வராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாக இருந்தோம்.”

அண்ணையை ஓரமாக அழைக்கிறேன். “இவங்க இடம் மாறி வந்துட்டாங்கண்ணே. பப்ல பாட வந்தவங்க.”

“ஓம், தெரியும். பெட்டி தூக்கி வந்த பிள்ளையளைச் சாப்பிடாமல் அனுப்ப ஏலுமே?”

பாடகரின் போன் அடிக்கிறது. பப்பிலிருந்துதான். ரசிகர்கள் காத்திருக்கிறார்களாம், மொத்தம் பதினொரு பேர். அவருக்கு இப்போது விஷயம் புரிந்துவிடுகிறது. கூட்டத்தைப் பார்க்கிறார். கையில் இருக்கும் வடையைப் பார்க்கிறார்.

“அவர்களையும் இங்கே வரச் சொல்லலாமா?” என்று மெல்லக் கேட்கிறார்.

அண்ணையிடம் சொல்கிறேன். அவர் பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார்.