ஒரு வாரத்துச் சைக்கிளை ஒரே நாளில் ஓட்டினேன்

சுங்கை காடுட் தொழிற்சாலையில் எனக்கு வாரம் ஆறு நாள் வேலை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பதால் கிளினிக்கில் தினமும் சைக்கிள் ஓட்டச் சொன்னார்கள். இதே நோயில்தான் அப்பாவுக்கு ஒரு காலை வெட்டி எடுத்தார்கள். அந்தப் பயத்தில், வாரம் முழுக்க ஓட்ட வேண்டியதை ஞாயிறு ஒரே நாளில் ஓட்டிவிட நினைத்தேன். இனிப்பு சீக்கிரம் இறங்கட்டும் என்று, மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, காலையில் பசியாறாமலே கிளம்பினேன். அதிகம் படிக்காதவள், யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

பெடாஸ் ஊரைத் தாண்டியதும் கை நடுங்கிக் கண் இருட்டியது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டோரம் விழுந்துவிட்டேன். செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிக்காரர் இறங்கி ஓடி வந்தார்.

"பசியாறலியா அக்கா?"

"இனிப்புநீர் மாத்திரை மட்டும் போட்டேன்..."

"எண்ணெய் ஊத்தாம லோரி ஓடுமா? ஒடம்புல இனிப்பு ரொம்ப எறங்கிருச்சு, மொதல்ல இத குடிங்க லா!" என்று தன் இனிப்புத் தேநீரைப் புகட்டினார். அவர் வராதிருந்தால் என் பிள்ளைகளுக்கு யார் இருந்திருப்பார்கள்?

இப்போது கிளினிக்கில் சொன்னபடி, வேலை முடிந்து தினமும் இருபது நிமிடம் ஓட்டுகிறேன். ஞாயிறன்று பசியாறிவிட்டு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். தலை சுற்றினால் வாயில் போட, பையில் மிட்டாய் இருக்கும். மூன்று மாதமாகியும் கிளினிக்கில் சோதிக்கும் இனிப்பின் அளவு இறங்கவில்லை. இறங்கும் என்ற நம்பிக்கையும் போய்க்கொண்டிருக்கிறது. பயத்தோடுதான் மிதிக்கிறேன். அவசரமாக மட்டும் மிதிப்பதில்லை.